அத்தா ஏன் தெருமுனையிலேயே நின்றார்

யூசுபுக்கு, அம்மா எழுதுகிறேன். கனமான உறையைப் பார்த்ததும் உனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். எனக்கு ஒன்றுமில்லை. காலையில் பல் தேய்க்கும்போதே கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டேன், வழவழவென்று இருக்கிறது. அத்தாவுக்கும் முட்டிவலியைத் தவிர வேறு குறையில்லை. மட்டாஞ்சேரியில் மழை பிடித்துக்கொண்டது, துணி காய மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான் இங்கே சேதி. மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த உனக்கு என் தமிழ் எழுத்தைப் படிப்பது பெரும்பாடுதான். அதற்காக மாமாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிடாதே. எழுத்துக் கூட்டியாவது நீயே படி. இது உனக்கு மட்டும்.

உன் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு மாமா போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தான். பத்திரிகை அழகாக இருக்கிறது, பாலக்காட்டில் பந்தல் போடுகிற இடத்தைப் பற்றியெல்லாம் சொன்னான், பெண்ணின் நிறத்தையும் அவள் அத்தாவின் தொப்பையையும்கூட விட்டுவைக்கவில்லை. ஆனால் அத்தா வேலைக்குக் கிளம்பிப் போகும்வரை வயிற்றில் எதையோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவர் தலை மறைந்ததும், "அக்கா, நிக்காஹ் அன்னிக்கு யூசுபைக் கையைப் பிடிச்சுப் பந்தலுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு என்னைத்தான் நிக்கச் சொல்றான்" என்றான். நம் குடும்பத்தில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பந்தலில் உட்கார வைப்பவர் அவனைப் பெற்ற அத்தாதான். அத்தா உயிரோடு இல்லாமல் மௌத்தாகியிருந்தால்தான் மாமனுக்கு அந்த வேலை வரும். உன் அத்தா கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து சாயா குடித்துவிட்டு இப்போதுதான் வெளியே போனார், அதற்குள் அவரை மௌத்தாக்க உனக்கு என்ன அவசரம் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஏன் என்று கேட்டேன். மாமா தலையைச் சொறிந்தான். பிறகு மெல்லச் சொன்னான். எனக்குச் சீக்கு வந்த காலத்தில் அத்தா தொற்றிக்கொள்ளும் என்று பயந்து வீட்டைவிட்டு ஓடினவர், ஜன்னலில் நின்று நான் இருமினபோது துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடியதை நீ உன் கண்ணால் பார்த்தாய், அப்படிப்பட்டவர் உன் கையைப் பிடிக்கக்கூடாது என்று சொன்னாயாம்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. மாமா பயந்துபோய்ப் பார்த்தான். அப்புறம் அழுதேன். இத்தனை வருஷம் உன் மனதில் இது இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அழுதேன். உனக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தெருவில் எல்லாருக்கும் தெரிந்தது உனக்கு மட்டும் தெரியாமல் இருக்கும் என்று யார் கண்டது? அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். படித்துவிட்டு நீயே முடிவு செய்.

நம் தெரு அப்போது எப்படி இருந்தது என்று உனக்கு நினைவிருக்கும். கிழக்கு முனையில் திரும்பினால் பஜார், அதை ஒட்டிக் காயல், காயலோரம் வரிசையாகப் பண்டகசாலைகள். மேற்கு முனையில் பள்ளிவாசல் சுவர், அதற்கும் அந்தப் பக்கம் எங்கோ கடல். பஜாருக்குள் நுழைந்தால் நல்லமிளகும் சுக்கும் கிராம்பும் மூக்கைத் துளைக்கும். புதிதாக வந்தவர்கள் தும்முவார்கள். நமக்கு அது காற்று மாதிரி, இருப்பதே தெரியாது. அத்தா சேட்டின் பண்டகசாலையில் சுக்குத் தரம் பார்க்கிறவர். மூட்டையைப் பிரித்து ஒரு துண்டை எடுத்து ஒடித்து மோந்து பார்த்தே எந்தச் சரக்கு, எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லிவிடுவார். நிக்காஹ் முடிந்து முதன்முதலாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தபோது, இந்த மனுஷன் சுக்குக் காப்பி மாதிரி மணக்கிறாரே என்று நினைத்தேன். எனக்குப் பிடித்திருந்தது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது யார் தூக்கினாலும் அழுவாய், அவர் தோளில் போட்டதும் சட்டையில் மூக்கை வைத்துத் தேய்த்துக்கொண்டே தூங்கிப்போவாய். உன் மூக்குக்கு அவரைத் தெரியும், நீதான் மறந்துவிட்டாய்.

நீ மதரசாவில் ஓதப் போய்க்கொண்டிருந்த வயதில்தான் என் கழுத்தில் அந்தக் கட்டி வந்தது. வலியில்லை, அதனால் நானும் சட்டை செய்யவில்லை. அது பெருத்து, கூடவே காய்ச்சலும் வேர்வையுமாக ஆனபோது எர்ணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கொஞ்சம் வெட்டியெடுத்து எங்கோ அனுப்பிப் பார்த்துவிட்டு, டாக்டர் அத்தாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நான் விடுவேனா, நானும் கூடவே நுழைந்தேன். புற்று என்றார். அறுத்து எடுக்க முடியாது, புதிதாக ஒரு மருந்து வந்திருக்கிறது, நரம்பில் ஏற்றவேண்டும், யுத்தத்தில் ஆளைக் கொல்ல வைத்திருந்த விஷப்புகையின் வம்சத்தில் வந்த மருந்து என்றார். மருந்து பம்பாயிலிருந்து வரவேண்டும். சேட்டுக்குப் பம்பாயில் ஆட்கள் இருந்தார்கள், அவர்தான் வரவழைத்துக் கொடுத்தார். அத்தா அந்த வேலையை விட்டிருந்தால் மருந்தும் நின்றிருக்கும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்.

ஊசி போட்டுக்கொள்ளப் படகில் அக்கரை போவோம். நானும், முதல் தடவை மட்டும் அத்தாவும், பக்கத்து வீட்டுத் திரேஸ்யாவும். அவள் என்னை இத்தா என்றுதான் கூப்பிடுவாள், அக்கா என்கிற அர்த்தத்தில். போகும்போது ஊர்வம்பு பேசிக்கொண்டே போவோம். திரும்பும்போது நான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காயலுக்குள் குடலைக் கொட்டிக்கொண்டே வருவேன், திரேஸ்யா என் நெற்றியைத் தாங்கிக்கொண்டே, மீன்களுக்கு இன்றைக்கு விருந்து என்று கேலி பேசுவாள். ஊசி ஏறிய நரம்பு கறுத்துப்போயிற்று. வாயெல்லாம் புண். தலைமுடி சீப்போடு வந்தது. முக்காடு போடுகிற வழக்கத்தை ஏற்படுத்தியவர்களுக்கு அப்போதுதான் மனதார நன்றி சொன்னேன், தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இதையெல்லாம் தாங்கிவிட்டேன். தாங்க முடியாமல் போனது மணம்தான். ஊசி போட்ட பிறகு எந்த வாசனையும் எனக்கு ஆகவில்லை. சோறு வேகிற வாசனை ஆகாது, எண்ணெய் ஆகாது. எல்லாவற்றையும்விடச் சுக்கும் மிளகும் ஆகாது. முதல் ஊசி போட்டு வந்த இரண்டாம் நாள் அத்தா வேலை முடிந்து வாசற்படி ஏறினார், நான் உள்ளறையில் படுத்திருந்தேன். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே குமட்டிக்கொண்டு வந்தது. அவர் பதறி ஓடிவந்து என்னைத் தாங்கினார். கிட்ட வரவர இன்னும் அதிகமாயிற்று. பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, ஆனால் கட்டின புருஷனிடம் உங்கள் வாசனை எனக்கு ஆகவில்லை என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். பிறகு அவரே கண்டுபிடித்துவிட்டார். சட்டையை வெளியே கழற்றிப் போட்டார். பள்ளிவாசல் குளத்தில் முங்கினார். சீயக்காய் போட்டார், சோப்புப் போட்டார், தேங்காய் நாரால் தோல் சிவக்கத் தேய்த்தார். வருஷக்கணக்காக உடம்பில் ஊறிப்போனது சோப்புக்குப் போகுமா? ஒருநாள் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அவர் ஓசைப்படாமல் உள்ளே வந்து நின்றிருக்கிறார். தூக்கத்திலேயே எனக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்துவிட்டது. கண் விழித்தபோது அவர் பாயையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"நான் பண்டகசாலையிலயே படுத்துக்கறேன். உன் வயித்துல ரெண்டு வாய்க் கஞ்சி தங்கட்டும்" என்றார். நான் போகாதீங்க என்று சொல்லவில்லை. இப்போது கேட்டாலும் அதையேதான் செய்வேன். என் உடம்பில் சொட்டுத் தெம்பில்லை. இருந்த கொஞ்சத்தையும் வாந்தியெடுத்துத் தீர்த்துவிட்டால் அடுத்த ஊசிக்கு என்ன செய்வது? டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், எடை இறங்கினால் மருந்தை நிறுத்திவிடுவேன் என்று. நிறுத்தினால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அப்புறம் தெருவே மாறிப்போனது. நீ கவனித்தாயோ என்னவோ. ஊசி போட்டுவிட்டு வந்தால் நான் எழுந்து உட்காரும்வரை நம் தெருவில் ஒரு வீட்டிலும் கருவாடு பொரிக்கவில்லை, மிளகாய் வறுக்கவில்லை. யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. திரேஸ்யா தன் வீட்டில் நிறுத்தினாள், அடுத்த வீட்டுக்காரி ஏன் என்று கேட்டாள், அவளும் நிறுத்தினாள், இப்படியே முனைவரைக்கும் போயிற்று. எதிர்வீட்டுச் சாரதாபாய், அந்தக் கொங்கணிக்காரி, பப்படம் போட்டுப் பிழைக்கிறவள். பெருங்காயம் சேர்த்து மாவு பிசைவதை மட்டும் தங்கச்சி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் செய்துவிட்டு, பிசைந்த மாவைத் தலையில் வைத்துத் திரும்பிக் கொண்டுவருவாள். எனக்கு வாய் நிறையப் புண்ணாக இருந்தபோது மரத்தூளில் பொதிந்த ஐஸ் கட்டி வருமே, நீகூட ஒரு துண்டு கேட்டு வாங்கிச் சப்புவாய், திரேஸ்யா கொண்டுவந்து கொடுப்பாள். அவள் புருஷன் துறைமுகத்தில் வேலை பார்த்ததால் அவன் கொண்டுவந்தது என்று நீ நினைத்திருப்பாய். வேலை முடிந்து ஐஸ் கம்பெனிக்கு நடந்துபோய் அதை வாங்கி, உருகிவிடாமல் ஓட்டமும் நடையுமாகக் கொண்டுவந்து திரேஸ்யா வீட்டுப் பின்வாசலில் வைத்துவிட்டுப் போனது உன் அத்தா.

நோன்பு மாசம் இதற்கு நடுவில்தான் வந்தது. சீக்காளிக்கு நோன்பு கடமையில்லை என்று மதரசா உஸ்தாது சொல்லியனுப்பினார், எனக்குத் தெரியாததா? ஆனாலும் மனசு ஆறவில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து விடாமல் பிடித்த நோன்பு. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற மணம் வந்ததும் வயிற்றைப் புரட்டியது, அந்தக் கஞ்சிக்கு நான் எவ்வளவு ஆசைப்படுவேன் என்று உனக்குத் தெரியும். அல்லாவிடம் அன்றைக்குச் சண்டையே போட்டேன். உன் கஞ்சியும் எனக்கு ஆகாமல் பண்ணிவிட்டாயே என்று கேட்டேன். எழுந்து தொழ முடியாது, படுத்தபடி கண்ணால்தான் குனிவதும் நிமிர்வதும். அப்படித் தொழுத தொழுகை மாதிரி அதற்கு முன்னும் நான் தொழுததில்லை, பின்னும் தொழுததில்லை. சண்டை போடவும் அழவும் ஒரு ஆள் இருக்கிறது என்கிற தெம்பிலேயே அந்த நாட்கள் ஓடின. நான் அழுவதைப் பார்த்துவிட்டுத் திரேஸ்யா எனக்காக ஒரு நோன்பு பிடிக்கிறேன் என்று கிளம்பினாள். மத்தியானம்வரை பிடித்தாள். பிறகு சாயா குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டே வந்து, "ஞான் பிடிச்சது பாதி நோம்பு, இத்தா. அந்தப் பாதியை உங்க பேர்ல எழுதச் சொல்லுங்க அல்லாகிட்ட" என்றாள். வாய்ப்புண்ணோடு சிரித்தேன், ரத்தம் வந்தது. அவள் தன் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள், சாரதாபாய் தன் சாமிக்கு எண்ணெய் ஊற்றினாள். எனக்காக யார் எந்தக் கதவைத் தட்டினாலும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

இனி அந்தத் துண்டு விஷயத்துக்கு வருகிறேன். சாயங்காலம் ஆனால் அத்தா தெருவுக்கு வருவார். கிழக்கு முனையில் விளக்குக் கம்பத்தின் கீழே நிற்பார். நான் ஜன்னலோரம் உட்கார்வேன். அவர் கையைக் காட்டி, சாப்பிட்டாயா என்பார். நான் தலையை ஆட்டுவேன். பேச ஏதாவது இருந்தால் திரேஸ்யா அங்கும் இங்கும் நடப்பாள், அவள் நடந்த நடைக்குக் கோயம்புத்தூருக்கே போயிருக்கலாம். அவர் ஏன் கிழக்கு முனையில் நின்றார் தெரியுமா? சாயங்காலம் கடல்காற்று மேற்கிலிருந்து வரும். அவர் மேல் பட்ட காற்று அப்படியே காயல் பக்கம் போய்விடும், என்னிடம் வராது. பண்டகசாலையில் சரக்குக் காயப்போட்டு எடுக்கிறவர்களுக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது சாப்பாட்டு நேரம் மாதிரி. காலையில் காற்று கிழக்கிலிருந்து வரும் என்பதால் காலையில் அவர் தெருப் பக்கமே வரமாட்டார். நீ பார்த்த அன்றைக்கு மழை திரண்டு வந்தது. மழைக்கு முன்னால் காற்று திடீரென்று திரும்பியது. எனக்கு மூக்கில் அந்த வாசனை லேசாகத்தான் பட்டது, குமட்டலை அடக்கப் பார்த்து இருமிவிட்டேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்க்க. அது நம் வீட்டுப் பக்கம் பறந்தது. உடனே ஓடினார். பஜாருக்குள் ஓடி, பின்சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு, மேற்கே பள்ளிவாசல் சுவரோரம் போய் நின்றார். மழை கொட்டியது. அங்கே நனைந்துகொண்டே நின்று கையைக் காட்டி, சரியாகிவிட்டதா என்று கேட்டார். நீ மதரசாவிலிருந்து வந்து அவர் ஓடினதைப் பார்த்திருக்கிறாய். அந்த மேற்கு முனையைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் வந்துவிட்டாய். சாயாக்கடையில் எவனோ, ராவுத்தர் சீக்குக்குப் பயந்து வீட்டைவிட்டே போய்விட்டார் என்று சொன்னதும் உன் காதில் விழுந்திருக்கும். இரண்டும் சேர்ந்துகொண்டன.

ஊசிகள் முடிந்து கட்டி கரைந்தது. நான் கஞ்சி குடித்தேன், பிறகு சோறு தின்றேன், மீன்கூடத் தின்றேன். ஆனாலும் அத்தா வீட்டுக்கு வரவில்லை, வரச்சொல்ல எனக்கும் பயம். ஒரு காலையில் ஜன்னலைத் திறந்தேன். கிழக்குக் காற்றில் பஜார் மணம் முழுக்க உள்ளே வந்தது. நான் வாளியைத் தேடினேன், பழக்கதோஷம். வயிறு சும்மா இருந்தது. இன்னொரு தடவை இழுத்து மோந்து பார்த்தேன். சுக்கு மணத்தது. வெறும் சுக்கு. எனக்கு அவர் நினைவு வந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். திரேஸ்யாவைப் பண்டகசாலைக்கு ஓடச் சொன்னேன். அவர் நம்பவில்லையாம், குளத்துக்குப் போய்த் தேய்த்துக் குளித்துவிட்டு வருகிறேன் என்றாராம். மறுபடியும் அவளை ஓடவிட்டேன். "குளிக்காம வரச்சொல்லு. சுக்கு மூட்டையிலேர்ந்து எந்திரிச்சு அப்பிடியே வரச்சொல்லு" என்றேன். தெருப் பெண்கள் எல்லாரும் வாசலில் நிற்க, உடம்பெல்லாம் தூசியோடு, புது மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு வந்தார். வாசற்படியில் நின்றுகொண்டு ஒரு காலை மட்டும் உள்ளே வைத்தார். நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். நீ அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தாய்.

மாமா ஊருக்குக் கிளம்பிப் போன பிறகு அத்தாவிடம் கேட்டேன், உங்க மகன் இப்படி நினைச்சுக்கிட்டிருக்கானாமே, உங்களுக்குத் தெரியுமா என்று. தெரியும் என்றார். நீ கோயம்புத்தூருக்கு வேலைக்குக் கிளம்பின அன்று படகுத்துறையில் வைத்து அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாயாமே. அப்பவே விவரத்தைச் சொல்ல வேண்டியதுதானே என்று பிடித்துக்கொண்டேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அவன் உனக்காகத்தான புள்ளே கோவப்பட்டான்? அம்மாவுக்காக ஒருத்தன் அத்தாவையே பகைக்கறான்னா நல்ல புள்ளதான். சாரமில்ல, பரவால்ல, இருந்துட்டுப் போகட்டும்" என்றார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது சொல்? கோபத்தில் இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் அவருக்கு மீனில் நடுத்துண்டாகப் பார்த்து வைத்தேன்.

கல்யாணம் ஆகப்போகிறவன் நீ, அம்மா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பாய். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். எங்கே குடித்தனம் வைத்தாலும் முதலில் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களையும் பழக்கப்படுத்திக்கொள், சொந்தக்காரர்கள் ரயிலேறி வருவதற்குள் அவர்கள்தான் வந்து நிற்பார்கள். தொழுகையை விடாதே, உடம்பு நன்றாக இருக்கும்போதே பழகிக்கொண்டால்தான் படுத்துக் கிடக்கும்போது கைகொடுக்கும். உன் பெண்டாட்டி ஒருநாள் முகத்தைத் திருப்பிக்கொண்டால், கோபித்துக்கொண்டு போய்விடாதே, கேள். உன் அத்தா மாதிரி எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டும் இராதே. அவளிடமும் சொல், நாளைக்குப் பிறக்கிற பிள்ளைகளிடமும் சொல். உன் அத்தா செய்ததில் எனக்குக் குறையே இல்லை, சொல்லாமல் விட்டது ஒன்றைத் தவிர.

பந்தலில் உன் கையை யார் பிடிப்பது என்று நான் கட்டளை போடவில்லை. அத்தா இப்போதே பெட்டி கட்டிவிட்டார். அத்தர் வாங்கிவைத்திருக்கிறார், பெண் வீட்டார் முன்னால் சுக்கு நாறக்கூடாதாம். பந்தலில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தால் போதும் என்கிறார். பாலக்காட்டு ரயில் நிலையத்துக்கு நீ எங்களைக் கூப்பிட வருவாய். நான் முன்னால் இறங்குவேன். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி, எட்டத்தில் ஒரு தூண் பக்கமாகப் போய் நின்றுகொள்வார், நீயும் நானும் பேசி முடிக்கட்டும் என்று. அந்த மனுஷனுக்குத் தள்ளி நிற்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உன்னைப் பார்த்து இத்தனை மாசமாயிற்று, எனக்கு உன்னைக் கட்டிக்கொண்டு அழவேண்டும். ஆனாலும் என்னிடம் வராதே. முதலில் அவரிடம் போ. நான் நிற்கிறேன்.

அம்மா